பொறுப்பைக் கணக்கு நோட்டில் எழுதுங்கள்: எல்லையோரத் தமிழ் மாணவருக்கு முதல் பருவ வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதிப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளில் ப்ளஸ் டூ முடிப்பவர்கள் இரண்டு திசையில் பிரிகிறார்கள். மேற்கே போகிறவர்களுக்குச் சித்தூர், பாலக்காடு, கோழிக்கோடு பல்கலைக்கழகம். கிழக்கே போகிறவர்களுக்குப் பொள்ளாச்சி, கோவை, பாரதியார் பல்கலைக்கழகம். எந்தப் பேருந்தில் ஏறினாலும் ஒன்று மாறிவிடுகிறது. பள்ளிக்கு இரண்டு நாள் வராவிட்டால் டீச்சர் வீட்டுக்குப் போன் செய்வார். கட்டணம் கட்டாவிட்டால் வகுப்பில் எழுப்பிக் கேட்பார்கள். கல்லூரியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள், அவ்வளவுதான். அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் யாரும் திட்டவும் மாட்டார்கள், தேதியை மாற்றவும் மாட்டார்கள்.

'பொறுப்பாக இரு' என்ற அறிவுரையால் பெரிய பயன் இருப்பதாகத் தெரியவில்லை. எதற்குப் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், இப்போது எங்கே நிற்கிறோம் என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் யாரும் பொறுப்பாக இருக்க முடியாது. முதல் பருவத்தில் தடுமாறுகிறவர்களில் பலர் சோம்பேறிகள் அல்ல. அவர்களிடம் கணக்கு இல்லை. அந்தக் கணக்கை எப்படி வைப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

முதல் படி: விதியை எழுதிக்கொள்ளுங்கள்

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். போனில் நினைவூட்டல் வைப்பது தவறில்லை, ஆனால் போன் தேதியை மட்டும் சொல்லும், மீதி எவ்வளவு என்று சொல்லாது. முதல் பக்கத்தில் உங்கள் பட்டப்படிப்பின் விதிகளை எழுதுங்கள்: மொத்தக் கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் மதிப்பு அலகு), இந்தப் பருவத்தின் கிரெடிட், வருகை வரம்பு, இன்டர்னலுக்கும் (கல்லூரிக்குள் போடும் மதிப்பெண்) எக்ஸ்டர்னலுக்கும் (பல்கலைக்கழகத் தேர்வு) பங்கு எவ்வளவு, தேர்ச்சிக்கு இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் வேண்டுமா, உங்கள் வகுப்பைக் கவனிக்கும் டியூட்டர் யார்.

கேரளத்தில் 2024இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. மூன்றாண்டில் பட்டம் வாங்கி வெளியேற 133 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸுக்கு 177. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் முதல் பருவம் வழக்கமாக 21 கிரெடிட்: நான்கு கிரெடிட் பாடம் மூன்று, மூன்று கிரெடிட் பாடம் மூன்று. மதிப்பெண்ணில் 30 பங்கு இன்டர்னல், 70 பங்கு பல்கலைக்கழகத் தேர்வு. இந்த 30 பங்கு பருவம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்வது. கடைசி மாதத்தில் உட்கார்ந்து படித்தால் 70க்குத்தான் உதவும், 30 அதற்குள் முடிந்து போயிருக்கும்.

சீனியர்களிடம் விதி கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. 2023 வரை சேர்ந்த சேட்டனும் சேச்சியும் பழைய மூன்றாண்டு முறையில் படித்தவர்கள். நல்ல மனதோடு அவர்கள் சொல்லும் எண்ணே உங்களுக்குத் தவறாக இருக்கும். கிழக்கே சேர்ந்தவர்களும் இப்படித்தான், பாரதியார் பல்கலைக்கழக விதியில் தங்கள் சேர்க்கை ஆண்டுக்குரியதைத் துறையில் கேட்டு எழுத வேண்டும். எல்லா ஆண்டுக்கும் ஒரே விதி என்று நினைக்காதீர்கள்.

இரண்டாம் படி: வருகையை மணியில் எண்ணுங்கள்

75 சதவீதம் என்ற எண் எல்லோருக்கும் தெரியும். அதை மணியாக மாற்றத் தெரிந்தவர்கள் குறைவு. கோழிக்கோடு பல்கலைக்கழக முறையில், விரிவுரையில் ஒரு கிரெடிட் என்றால் பருவத்துக்கு 15 மணி. நான்கு கிரெடிட் பாடத்துக்கு 60 மணி, அதில் 45 இருக்க வேண்டும், 15 போகலாம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 45 மணி, அதில் 34 வேண்டும், 11தான் போகலாம். செய்முறை வகுப்பில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி என்பதால் ஒரே மதியம் போனாலும் இரண்டு மூன்று மணி சேர்ந்து போய்விடும்.

இதில் எல்லையோர மாணவருக்குத் தனி ஆபத்து முதல் மணி வகுப்பு. நான்கு கிரெடிட் பாடம் ஒன்று வாரத்தில் இரண்டு நாள் முதல் மணியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 வாரத்தில் 30 முதல் மணி. பேருந்து பாதி நாள் தாமதமானால் 15 மணி போச்சு. காய்ச்சலுக்கோ கல்யாணத்துக்கோ ஒரு மணிகூட மிச்சமில்லை. முதல் வாரத்திலேயே நேர அட்டவணையைப் பார்த்து, முதல் மணி எந்தப் பாடம் என்று வட்டமிட்டு, அந்த நாள்களுக்கு மட்டுமாவது ஒரு பேருந்து முன்னதாகக் கிளம்புங்கள். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள் அந்த இரண்டு நாளைக்கு வீட்டில் இன்னொருவரிடம் கேனை ஒப்படைக்கப் பேசி வையுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் என்று சொன்னால் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள். 'இனிமேல் என்னால முடியாது' என்றால் சண்டைதான் வரும்.

குறைந்துவிட்டால் மீட்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. நடந்த மணியை மூன்றால் பெருக்குங்கள். வந்த மணியை நான்கால் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். மீதி எவ்வளவோ அத்தனை மணி விடாமல் வந்தால் 75 தொடும். 20 மணி நடந்து 12 வந்திருந்தால், 60 கழித்தல் 48, மீதி 12. அடுத்த 12 மணியும் வகுப்புக்கு வந்தால் சரியாகிவிடும். இதே 60 சதவீதம் 40 மணி முடிந்த பிறகு தெரிய வந்தால்? 24 மணி வேண்டும், பருவத்தில் மிச்சம் இருப்பதோ 20. எல்லாவற்றுக்கும் வந்தாலும் 44, அதாவது 73 சதவீதம். ஒரே சதவீதம்தான், ஒருவருக்கு மூன்று வாரத்தில் தீரும், மற்றவருக்குத் தீரவே தீராது. வருகையை மாதம் ஒருமுறை பார்ப்பது போதாது என்பது இதனால்தான். வெள்ளிக்கிழமை பேருந்தில் உட்கார்ந்து பாடவாரியாகக் கோடு போடுங்கள், ஐந்து நிமிடம் ஆகும்.

கண்டொனேஷன், அதாவது வருகைக் குறைவை மன்னித்துத் தேர்வெழுத விடுவது, இருக்கிறதே என்பார்கள். அது கல்லூரியும் பல்கலைக்கழகமும் மனம் வைத்துத் தருவது. வரம்பு உண்டு, கட்டணம் உண்டு, காரணத்துக்குச் சான்று வேண்டும், எத்தனை முறை என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. அதை லீவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். மருத்துவச் சான்றிதழை உடம்பு சரியான பிறகு தேடினால் தேதி பொருந்தாது. மருத்துவரைப் பார்த்த அன்றே கேட்டு வாங்குங்கள்.

விடுமுறைக் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. மழைக்குப் பாலக்காடு கலெக்டர் விடுமுறை அறிவித்தால் அது பொள்ளாச்சிக் கல்லூரிக்குப் பொருந்தாது, அங்கே கோவை கலெக்டர் சொல்ல வேண்டும். பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை ஒரு நாள் கிடைக்கும், மாட்டுப் பொங்கலுக்குக் கிடைக்காது. படிப்புமுடக்கு (மாணவர் வேலைநிறுத்தம்) நாளில் வகுப்பு நடக்காவிட்டால் மணி கணக்கில் ஏறாது. நடந்து, நீங்கள் மட்டும் வீட்டில் இருந்தால் ஏறும். சமரம் (போராட்டம்) என்று வாட்ஸாப்பில் வந்ததை நம்பி வீட்டில் படுத்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: அறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சித்தூர்ப் பக்கம் மலையாளம் பேசத் தெரியாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. படிக்கத் திணறுகிறவர்கள் நிறைய. அறிவிப்பு மலையாளத்தில் இருந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொண்டு போய்விடுவோம், அவர் சொன்னது பாதி, நாம் கேட்டது பாதி. தினம் அரை மணி வீதம் மூன்று வாரம் எழுத்தைப் பழகினால் அறிவிப்பு படிக்கும் அளவுக்கு வந்துவிடும். பேருந்துப் பலகையும் கடைப் பெயரும்தான் பயிற்சிப் புத்தகம்.

கதை படிக்கத் தேவையில்லை. இந்தச் சொற்கள் கண்ணில் பட்டவுடன் நின்று படியுங்கள்: 'அவசான தீயதி' என்றால் கடைசித் தேதி. 'அபேக்ஷ' விண்ணப்பம். 'ஹாஜர்' வருகை. 'பகர்ப்பு' நகல். 'ஒப்பு' கையெழுத்து. இரண்டு சொற்கள் தமிழ்க் காதை ஏமாற்றும். 'பிழ' என்றால் தப்பு என்று தோன்றும், அங்கே அது அபராதத் தொகை. 'அவதி' என்றால் நமக்குக் கஷ்டம், அவர்களுக்கு லீவு.

நோட்டில் தேதிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு தேதி எழுதுங்கள். ஒன்று அவர்கள் சொன்னது, மற்றொன்று அதற்கு மூன்று நாள் முந்தைய உங்கள் தேதி. தேர்வுப் பதிவில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். அபராதமில்லாத கடைசி நாளன்று எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைவதால் தளம் நின்று நின்று ஓடும். வங்கியில் பணம் கழிந்திருக்கும், விண்ணப்பம் பதிவாகியிருக்காது. பணம் போனதைக் காட்டும் குறுஞ்செய்தி ரசீது ஆகாது. விண்ணப்பத்தின் நிலை 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று காட்ட வேண்டும், அச்சு எடுக்க வேண்டும், கல்லூரியில் கொடுக்கச் சொன்னால் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகு நோட்டில் டிக் போடுங்கள்.

வகுப்பு வாட்ஸாப் குழு நல்ல நினைவூட்டல், ஆனால் ஆதாரமாக அதை வைத்துக்கொள்ள முடியாது. போன செமஸ்டர் அறிவிப்பை யாராவது மறுபடி அனுப்புவார்கள். தேதி, ஆண்டு, சேர்க்கை ஆண்டு மூன்றையும் பல்கலைக்கழகத் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: தாள்கள்

இரண்டு மாநிலத்துக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. கேரளத்தில் வருமானச் சான்றிதழ் வில்லேஜ் ஆபீஸ் வழியாக வரும், அக்ஷயா மையத்தில் விண்ணப்பிப்போம். தமிழ்நாட்டில் இ-சேவை, வி.ஏ.ஓ., தாசில்தார் என்று போகும். சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரே குடும்பத்தில் அம்மா வீட்டுச் சான்று தமிழ்நாடு, அப்பா வீட்டுச் சான்று கேரளா என்று இருப்பது இங்கே சகஜம். எந்த மாநில உதவித்தொகைக்கு எந்த மாநிலச் சான்று என்பதைச் சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

கிழக்கே சேர்கிறவர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று. தமிழ்நாட்டின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய், தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கானது. கேரளத் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவருக்குக் கிடைக்காது. அந்தப் பணத்தை நம்பி பேருந்துச் செலவைக் கணக்குப் போடாதீர்கள். மேற்கே சேர்ந்து தகுதி உள்ளவர்கள் கேரள அரசின் உதவித்தொகைத் தளமான இ-கிராண்ட்ஸில் பதிவு செய்ய வேண்டும். தேசிய உதவித்தொகைத் தளம் இருபக்கத்துக்கும் பொது.

பெயர்தான் அடுத்த சிக்கல். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. மூன்றும் பொருந்தாவிட்டால் உதவித்தொகை நடுவழியில் நிற்கும். எஸ்.எஸ்.எல்.சி. பெயரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள், முதல் மாதத்திலேயே. ஆதார் வழியாக வரும் பணம், ஆதாரோடு இப்போது இணைந்திருக்கும் கணக்குக்குத்தான் போகும், நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல. புதுக் கணக்குத் தொடங்கியவர்கள் வங்கியில் இணைப்பைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மையத்தில் விண்ணப்பம் போடும்போது உங்கள் சொந்த மின்னஞ்சல், சொந்த போன் எண்ணைக் கொடுங்கள். அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் ஓ.டி.பி. மூன்று வருடமும் அவருக்கே போகும். கடவுச்சொல்லை வேறொரு நோட்டில் எழுதி வையுங்கள். பாதுகாப்பு நிபுணர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் மறந்துபோய் மூன்று நாள் அலைவதற்கு இது மேல். வீட்டு பீரோவில் இருக்கும் நோட்டு என்றால் பரவாயில்லை, பையில் சுற்றுகிற நோட்டில் மட்டும் வேண்டாம்.

ஐந்தாம் படி: படிப்பு

பேருந்தில் படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். நின்றுகொண்டே வரும் முக்கால் மணியில் புத்தகம் ஓடாது. அந்த நேரத்தில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: இன்று நடந்ததைப் புத்தகம் பார்க்காமல் மனதில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது. வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத்தாளில் பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு நோட்டைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு முறை, பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் அமெரிக்க மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு பாடத்தை நான்கு வேளை படித்தது. இன்னொன்று ஒரு வேளை படித்து, மூன்று வேளை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. திரும்பப் படிக்கும்போது 'எல்லாம் தெரியுது' என்று தோன்றுமே, அந்தத் தோற்றம்தான் ஏமாற்றுகிறது.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதால் கைடைப் பத்தி பத்தியாக மனப்பாடம் செய்கிறார்கள். கேள்வியை லேசாகத் திருப்பிக் கேட்டால் மொத்தமும் போய்விடும். அதைவிட, அலகுக்கு இருபது கலைச்சொல் எடுங்கள். சொல் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில், பிறகு நீங்களே அமைத்த ஒரு சின்ன ஆங்கில வாக்கியம். வாக்கியம் கொச்சையாக இருந்தாலும் சரி. ஐந்து அலகுக்கு நூறு வாக்கியம் கையில் இருந்தால் விடைத்தாளில் கை நிற்காது.

நேர மதிப்பீட்டில் எல்லோரும் தவறுகிறோம். 1994இல் பியூலரும் சகாக்களும் ஹானர்ஸ் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், எடுத்தது 55க்கும் மேல். அசைன்மென்ட் மூன்று மாலை ஆகும் என்று தோன்றினால் ஐந்து மாலை ஒதுக்குங்கள். வலையிலிருந்தோ ஏ.ஐ. செயலியிலிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியதை ஆசிரியர் வாய்மொழியாக இரண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும், இன்டர்னலும் போகும், அவர் வைத்திருந்த நம்பிக்கையும் போகும்.

ஆறாம் படி: வீட்டாரிடம் பேசுங்கள்

கடலை பிடுங்கும்போதும், தேங்காய் போடும் நாளிலும், சீருக்கும் நோம்பிக்கும் வீட்டில் ஆள் வேண்டும். அதை மறுப்பது நடக்காத காரியம், சரியும் இல்லை. சமையலறைக் காலண்டரில் இன்டர்னல் தேர்வு நாள்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள், வீட்டில் கேட்கும்போது எண்ணைச் சொல்லுங்கள்: 'அப்பா, திங்கக்கெழம பாடத்துல ரெண்டு மணிதான் லீவு மிச்சம் இருக்குதுங்க. ஞாயித்துக்கெழம விசேஷத்துக்கு வந்துட்டு ராத்திரியே திரும்பிடறேனுங்க.' கல்லூரி வாசலை மிதிக்காத பெற்றோருக்கும் இந்தக் கணக்கு புரியும். பால் சொசைட்டியில் தினம் இதைத்தான் பார்க்கிறார்கள்.

ஏழாம் படி: தவறிவிட்டால்

முதல் இன்டர்னலில் மதிப்பெண் குறைந்தால் இரண்டு நாளுக்குள் ஆசிரியரைப் பாருங்கள். 'ஒண்ணும் புரியல டீச்சர்' என்றால் அவரால் உதவ முடியாது. விடைத்தாளை எடுத்துப் போய், 'இந்த மூன்றாவது விடையில் ஏன் இரண்டு மார்க் குறைந்தது, எதை எழுதியிருந்தால் கிடைத்திருக்கும்?' என்று கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதுங்கள். மலையாளமும் தமிழும் கலந்து கேட்டால் யாரும் சிரிக்கப் போவதில்லை, பாலக்காட்டு ஆசிரியர்கள் பலருக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

எல்லாம் உங்கள் தவறு என்று தலையில் போட்டுக்கொள்வதும் கணக்குப் பிழைதான். வண்டி வராதது, முடிவு தாமதமாக வந்தது, அப்பாவுக்கு வேலை நின்றது: இவை உங்கள் கையில் இல்லை. அதற்குப் பிறகு யாரிடம், எந்தத் தேதியில் போய்ச் சொன்னீர்கள் என்பது மட்டும் உங்கள் பக்கம். தூக்கமே வராமல், கல்லூரி நினைத்தாலே வயிறு கலங்கினால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை.

தேர்வில் போனால் மேற்கே 'சப்ளி', கிழக்கே 'அரியர்'. மேற்கே மறுதேர்வு வழக்கமாக அடுத்த பேட்ச் அந்தப் பருவத்தை எழுதும்போது வரும், அதாவது ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டு பாடம் தங்கிவிட்டால் அடுத்த வருடம் அந்தந்தப் பருவப் பாடத்தோடு அவற்றையும் தூக்க வேண்டியிருக்கும். தேர்வு முடிந்த வாரமே அந்த நோட்டுகளைத் தனியாகக் கட்டி வையுங்கள், பழைய பேப்பர்க்காரருக்குப் போய்விடும். மறுமதிப்பீட்டுக்கு முடிவு வந்த நாளிலிருந்து சில நாள்தான் அவகாசம். அதற்கும் தேதிப் பக்கத்தில் ஒரு வரி.

இன்டர்னல் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடச் சொல்லும்போது வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். உங்கள் நோட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட்ட பிறகு போடுங்கள். பொருந்தாவிட்டால் முதலில் அந்த ஆசிரியர், பிறகு துறைத்தலைவர், பிறகு கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு. 2023ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிமுறைப்படி அந்தக் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் ஆம்பட்ஸ்பெர்சன் என்ற குறைதீர் நடுவர் உண்டு. புகாரை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: பாடம், தேதி, கொடுத்த மதிப்பெண், இருக்க வேண்டியது, ஆதாரம். இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.